டயருக்குக் காற்று

"விதிமுறை எனக்கேவா? சைக்கிள் டயருக்குக் காத்தடிக்கிற குப்பி சார் இது, குண்டு இல்ல!" தொப்பையை இறுக்கிய பளபள பந்தய உடையில் முழங்கினார் ஒரு பயணி.

"உள்ள அழுத்தி அடைச்ச வாயு. விமானக் கம்பெனி அனுமதி வாங்கினீங்களா?" என்றார் விமான நிலையச் சோதனை அதிகாரி.

"நாளைக்குப் பந்தயம். பஞ்சரானா வாயால ஊதவா?"

ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு வந்தது.

"தூக்கிப் போடுங்க. இறங்கின இடத்துல வாங்கிக்கலாம்," என்று தவித்தாள் மனைவி.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குடி! சார், மேலதிகாரியக் கூப்பிடுங்க!"

மனைவி தன் பையை எடுத்துக்கொண்டு விமானத்தை நோக்கி ஓடினாள்.

அதிகாரிக்கே பதற்றமாகிவிட்டது. "நீங்களும் ஓடுங்க சார்! நீங்க போகலன்னா பந்தயத்துல யாரு சைக்கிள் ஓட்டுறது?"

பயணியின் குரல் இறங்கியது.

"ஓடுறாளே, அவதான். நான் கைதட்டப் போறவன்."