முதல் வாய்த் தண்ணீர்

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கிடந்தாள் அந்தப் பெரிய பிள்ளை. றோஸ்லின் டீச்சர் போத்தலை அவளுடைய உதட்டில் வைத்துச் சரித்ததில் தண்ணீர் கன்னத்தில் வழிந்து உப்பள வரம்பில் சிந்தியதுதான் மிச்சம்.

"குடி மகள். ஒரே ஒரு வாய்."

வெள்ளைச் சால்வை சுற்றியிருந்த தலை, மாட்டேன் என்று மெல்ல ஆடியது. அவளுடைய உயரத்துக்கு அந்தச் சால்வை காணாது, தோளுக்குக்கூட எட்டவில்லை.

புத்தளத்து உப்பளத்தில் வெயில் மேலே இருந்தும் அடிக்கும், பாத்தியில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மற்றப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு பஸ் கடல்நீர்க் களப்புப் பக்கம் பறவை பார்க்கப் போய்விட்டது. பின்தங்கிய ஒரு சோடியைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று நின்ற டீச்சரின் கண்ணெதிரே பெரியவள் சரிந்து விழுந்தாள். சோடியில் மற்றவளான நாலாந்தரத்தில் படிக்கும் சிறுமி பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த வெளிக்களக் கல்வி நாளைத் தொடங்கி வைத்ததே றோஸ்லின் டீச்சர்தான். சிலாபத்தில் இருந்து மாற்றலாகி வந்த புதிது, வேகத்துக்குக் கேட்கவா வேண்டும். எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் கலந்து போக வேண்டும், பெரியவர் ஒருவருக்குச் சின்னவர் ஒருவர் என்று அவளே சோடி சேர்த்தாள். பிடித்த கையை விடமாட்டோம், பாத்திக்குள் கால் வைக்கமாட்டோம், சாப்பாடோ தண்ணீரோ சின்னவருக்குப் பிறகுதான் எங்களுக்கு என்று பெரியவர்களைக் காலையில் கை தூக்கிச் சத்தியமும் செய்ய வைத்தாள். முன்பு வேறெங்கோ சுற்றுலா போன இடத்தில் பெரிய பையன்கள் சின்னவர்களின் கேக்கைப் பறித்துத் தின்ற கதை அவளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூட அதிபர் சிஸ்டருக்கு வேறு கவலை. ரமழான் மாதம், முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, இவர்களுக்கு இல்லை. நோன்பு பிடித்த பிள்ளைகள் வெயிலில் போக வேண்டாம், நூலகத்தில் இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு பிள்ளைகூட எழுந்து நூலகத்துக்குப் போகவில்லை.

உப்பு வாடியில் காவலுக்கு இருந்த அலியார் குடையோடு ஓடிவந்து நிழல் பிடித்தார். நகரத்தில் இருந்து ஆட்டோவுக்கும் அவரே சொல்லிவிட்டார். ஆனால் அது இந்த வரம்புப் பாதையில் வந்துசேர வேண்டுமே. பிள்ளையின் சால்வையையும் மூடிய வாயையும் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"நோன்புப் புள்ள போல இரிக்கி டீச்சர்."

டீச்சர் போத்தலைக் கீழே வைத்தாள். சிஸ்டர் அவ்வளவு சொல்லியும் நோன்புப் பிள்ளை ஒன்றை வெயிலில் இழுத்து வந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். தொட்டுப் பார்த்தாள், உடம்பு கொதித்தது. வியர்வை நின்று தோல் காய்ந்து போயிருந்தது. வெயிலில் விழுந்த பிள்ளை எழும்பாமலே போன செய்திகளை அவள் வாசித்திருக்கிறாள்.

நோயாளிக்கு நோன்பை விடலாம், பிறகு வேறொரு நாள் அதற்கு ஈடாகக் களா நோன்பு பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று அலியார் குனிந்து பொறுமையாகச் சொன்னார். பிள்ளை கேட்கவில்லை. அவர் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் போட்டு அவள் காதோரம் பிடித்தார். உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை விடத்தான் வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று மௌலவியும் சொன்னார். கண்ணை மூடியபடியே அவள் மறுபடி தலையை ஆட்டினாள்.

ஆட்டோவைக் காணோம். பெரியவளின் கை தொய்ந்து, பிடித்திருந்த சின்னவளின் கையில் இருந்து நழுவியது. உடனே திடுக்கிட்டவள் போலத் தடவித் தேடி அந்தச் சின்னக் கையைத் திரும்பவும் பிடித்துக்கொண்டாள்.

றோஸ்லின் டீச்சர் உப்பிலே முழங்கால் போட்டுவிட்டாள். அழுகையை அவளால் அடக்க முடியவில்லை.

"உங்கட அல்லாவுக்கு நான் பதில் சொல்றன் மகள். பாவம் எல்லாம் எனக்கு. குடி."

பிள்ளையின் உதடுகள் பிரிந்தன. மாதாவே என்று டீச்சர் போத்தலைக் கிட்டக் கொண்டுபோனாள். அவளோ விரலால் அதை விலக்கினாள்.

"எனக்கு நோன்பில்ல டீச்சர். நாங்க வேதக்காரர், மாதா கோயில்காரர்."

குடை பிடித்திருந்த அலியாரின் பார்வை சின்னவள் பக்கம் திரும்பியது. வெறுந்தலை. உலர்ந்த உதடு. கழுத்தில் தொங்கிய போத்தலில் தண்ணீர் மூடிவரை அப்படியே நின்றது.

"மகள், நோன்பு நீங்களா?"

சின்னவள் ஷிம்லா தேம்பலோடு தலையாட்டினாள். இது அவளுக்கு முதல் நோன்பாம். சொன்னால் நூலகத்தில் விட்டுவிடுவார்கள் என்று சோடி அக்காவிடம் மட்டும் சொன்னாளாம். அக்காவுக்குத் தலை சுற்றியபோது தன்னுடைய சால்வையைக் கழற்றி அவள்தான் கட்டிவிட்டாளாம்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப நீ ஏன் மகள் குடிக்காமக் கிடந்த?" என்றாள்.

பெரியவள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"சின்னவ இன்னும் குடிக்கல்லயே. நீங்கதானே டீச்சர் கை தூக்க வச்சீங்க."