விரால் குஞ்சுகளும் ரப்பர் தவளையும்

ஏரியில் சிவப்பு விரால் குஞ்சுகள் கூட்டமாக மூச்சுவிட மேலே வந்தன. அவற்றின் நடுவே ஒரு ரப்பர் தவளை வந்து விழுந்தது. அடியில் காவலிருந்த தாய் விரால் சீறி எழுந்தது.

“கடிச்சிராதே. நான் ரப்பர். வயித்துல தூண்டில் முள் இருக்கு,” என்றது தவளை.

“தெரியும். நேத்து இவங்கப்பா உன்னைக் கடிச்சுத்தான் போனாரு.”

“தெரிஞ்சுமா வர்றே?”

“இன்னைக்கு ரப்பர்தானேன்னு விட்டா, நாளைக்கு நெசத் தவளை வந்து பிள்ளைகளைத் தின்னுரும்.”

விரால் கடித்தது. கரையில் தூண்டிலோடு நின்றவர் நூலைச் சுற்றினார்.

சற்று நேரத்தில் தவளை மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. சீறி வர யாருமில்லை. குஞ்சுகள் மெல்ல வந்து அதன் நிழலில் ஒண்டிக்கொண்டன.

“எங்கம்மாவைப் பாத்தியா?” என்று ஒரு குஞ்சு கேட்டது.

தவளை அசையாமல் கிடக்கப் பார்த்தது. நூல் இழுத்தது. குஞ்சுகளும் பின்னாலேயே வந்தன.