மூன்றாம் வரிக்காரர்

ஒரே தட்டில் மூன்று பேரைக் கொன்றிருந்தான் கோமதிசங்கர். அதில் இரண்டு பேர் முன்னமே இறந்தவர்கள். அவர்களால் தொந்தரவு இல்லை. மூன்றாமவர்தான் வாசுதேவநல்லூரில் பஸ் ஏறி வந்து, கடை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலே, என்னக் கொன்னவன் நீதானா?"

கையில் கல்யாணப் பத்திரிகை. 'காலஞ்சென்ற திரு. வெங்கடசுப்பிரமணியன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

சங்கரன்கோவிலில் மற்ற டி.டி.பி. கடைக்காரர்கள் மௌஸை உருட்டுவார்கள். கோமதிசங்கருக்கு அது கௌரவக் குறைச்சல். கட்டளை கொடுத்துத்தான் கம்ப்யூட்டரை வேலை வாங்குவான். இந்த வரியிலிருந்து இந்த வரி வரை என்று எண்ணைத் தட்டி ஒரு வார்த்தையைக் கொடுத்தால், அத்தனை வரிக்கு முன்னாலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெண்ணின் தாத்தா, பாட்டி பெயர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடச் சொல்லியிருந்தார் பெண்ணின் அப்பா சிவராமலிங்கம். இரண்டாவது வரி வரை என்று தட்ட வேண்டியவன் மூன்றைத் தட்டிவிட்டான். மூன்றாவது வரியில் இருந்தவர் சிவராமலிங்கத்தின் அண்ணன்.

வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருஷம். மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வந்து நிற்க வேண்டுமே என்பதுதான் சிவராமலிங்கத்தின் ஒரே கவலை. ஆள் மேல் ஆள் அனுப்பியும் மனுஷர் அசையவில்லை.

மாதிரிக்கு அடித்த பத்திரிகையை நேற்று கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தார் சிவராமலிங்கம். அண்ணன் பெயரில் விட்டுப்போன ஒரு புள்ளியைப் பேனாவால் வைத்தார். "மிச்சத்த நாளைக்கு அடிச்சுக்கிடலாம்" என்று அந்த ஒன்றை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

"ஒரு எண்ணு கூடிப்போச்சு அண்ணாச்சி…" என்று வாசலில் நின்ற பெரியவரிடம் இழுத்தான் கோமதிசங்கர்.

"ஒனக்கு எண்ணு கூடிப்போச்சு! எங்க வீட்ல அவ தாலியத் தடவிக்கிட்டு அழுதா. பக்கத்துல நின்னு காப்பி கேக்கேன், அப்பவும் அழுதா!"

அடுத்த 'காலஞ்சென்ற' தனக்குத்தான் என்று கோமதிசங்கருக்குத் தோன்றியது. அவன் போன் போட்டிருந்த சிவராமலிங்கம் அதற்குள் பைக்கில் வந்து இறங்கினார்.

"என்னலே, நான் செத்துட்டனா?" ஏழு வருஷத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு.

"நல்லாத்தான இருக்கே. தொண்டை அப்படியே இருக்கு."

"கல்யாணத்துக்கு வாரேம்ல! மொத வரிசையில உக்காருதேன். எவன் செத்தான்னு ஊரு பாக்கட்டும்!"

"சரிண்ணே, இப்ப வீட்டுக்கு வா. வெறும் வயித்தோட எம்புட்டு நேரம் கத்துவ?"

பெரியவர் முறைத்துக்கொண்டே போய்த் தம்பியின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கோமதிசங்கர் கையைப் பிசைந்தான். "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஆனா நேத்து நீங்க அவ்வளவு நேரம் படிச்சீங்களே, அது கண்ணுல படவே இல்லையா?"

சிவராமலிங்கம் பைக் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பட்டுச்சே. அதனாலதாம்ல அத அண்ணனுக்கு அனுப்புனேன்!"