சோதனைக்குப் போன மூன்று கற்கள்

தடாலென்று சாக்கு மூட்டை மேசைக்கு முன்னால் வந்து விழுந்தது. கட்டு அவிழ்ந்து, ஈரமண் கட்டிகள் அலுவலகத் தரையெங்கும் உருண்டன.

கூட்டுறவுச் சங்கச் செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னய்யா இது?"

"நம்ம கல்லுதான் சார். லேப்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்றான் வேன் டிரைவர். "ஒரு நாள் தண்ணியில ஊறவச்சு அப்புறம்தானே அமுக்கிப் பார்ப்பாங்க? அதுவரைக்கும் தாங்கல. தொட்டியிலேயே கொழகொழன்னு ஆயிடுச்சாம்."

கூடவே ஒரு கடிதத்தையும் நீட்டினான். அதில் அடிக்கோடு போட்டிருந்தது ஒரே சொல்: தேறவில்லை.

சூளையில் சுடாமல், ஒரு விறகுகூட எரிக்காமல், உள்ளூர் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும் கல். அது தேறினால் வட்டாரத்தில் கட்டப்போகும் இருநூறு வீடுகளுக்கும் இந்த ஊர்க் கூட்டுறவுக் களத்திலிருந்தே கல் போகும். அதை நம்பித்தான், பிழைக்க நகரத்துக்குப் போன முப்பத்தொரு குடும்பங்கள் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து திரும்ப வந்திருந்தன.

"வழியில வேனை எங்க நிறுத்தின?"

"எங்கயும் நிறுத்தல சார்."

"பொய் சொல்லாத. அந்தச் செங்கல் சூளைக்காரன் வாசல்ல நிறுத்தியிருப்ப. நம்மால அவன் சூளை அணைஞ்சு ஆறு மாசம் ஆச்சு. காத்துக்கிட்டுத்தான் இருந்தான்."

"ஊரே என்னை பிரேக் இல்லாதவன்னு கூப்பிடுது. ஒண்ணுக்குப் போகக்கூட நிறுத்தாத ஆளைப் போய் இப்படிக் கேக்குறீங்களே சார்."

செயலாளர் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். அதன் ஒரு பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இதப் பாரு. அச்சுல இருந்து எடுத்த புதுக் கல்லுல சுண்ணாம்பு எப்படி வரும்? எவனோ கல்லு வச்சிருந்த பெட்டியைத் திறந்து மாத்தியிருக்கான். நம்ம கூட இருந்துக்கிட்டே குழி பறிச்சிருக்கான்."

சோதனைக்கு அனுப்பிய அந்த மூன்று கற்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, களத்தில் யாரும் இல்லாதபோது, அவரே மண் சலித்து அவரே அச்சில் அழுத்தி எடுத்திருந்தார். இருபத்தெட்டு நாள் ஈரச்சாக்கு போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டு திரிந்தார்.

வாசலில் அக்கா வந்து நின்றாள். களத்தில் அச்சு மெஷின் ஓட்டும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. முழங்கை வரை மண்.

"வாக்கா. நம்ம பொழப்பைப் பார்த்தியா? நீதானே வைக்கோல் பரப்பிப் பெட்டியில கல்லை அடுக்கின. நான் போன் பேச வெளிய போனப்பக்கூட நீதான் காவல் இருந்த. அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. வேன்ல ஏத்தினப்புறம்தான் எவனோ விளையாடியிருக்கான்."

அக்கா தரையில் கிடந்த கட்டிகளைப் பார்த்தாள். சுடாத கல் வீட்டில் முதலில் யார் குடிபோவது என்று ஊர் தயங்கியபோது, தம்பி கட்டின வீடு, நான் போறேன் என்று சட்டி பானையோடு கிளம்பியவள் அவள். அந்த வீட்டுக்குக் கல் செய்தபோதே, வண்டி மண்ணுக்கு ஒரு டின் சிமெண்ட் என்றிருந்ததை அவர் அரை டின்னாகக் குறைத்தபோது பெண்கள் முணுமுணுத்தார்கள். சிமெண்ட் குறைந்தால்தான் பசுமை வீடு, தம்பி படிச்சவன், அவனுக்குத் தெரியாதா என்று அவர்கள் வாயை அடைத்ததும் அவள்தான்.

"எல்லாம் ஒரே மண்ணு, ஒரே அச்சு. இது உன் கல்லு இல்லன்னு எப்படிடா அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"என் கல்லு இப்படிக் கரையாதுக்கா."

"அப்படியா?"

"நீ நகரு. நான் போலீசுக்குப் போறேன். முப்பத்தொரு குடும்பத்து வயித்துல அடிச்சவனை சும்மா விடமாட்டேன்."

"போக வேண்டாம். உன் மூணு கல்லும் பத்திரமா இருக்கு."

செயலாளரின் கை கதவுப் பிடியிலேயே நின்றது. "எங்க?"

"என் வீட்டுல. ரெண்டு கல்லு கட்டிலுக்கு அடியில இருக்கு. ஒண்ணைத் தண்ணித் தொட்டியில போட்டு வச்சேன். மூணு நாளாச்சு, ஓரம்கூட உதிரல."

அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். டிரைவரைத் திட்டியபோது இருந்த கோபம் முகத்தில் இல்லை.

"நீயாக்கா? ஊரே சேர்ந்து துரோகம் பண்ணியிருந்தாலும் தாங்கியிருப்பேன். உன் கையில பெட்டியைக் கொடுத்துட்டு நிம்மதியா இருந்தேனே."

"அந்த மூணுக்கு மட்டும் வண்டி மண்ணுக்கு எத்தனை டின் கணக்குல சிமெண்ட் போட்ட?"

பிரேக் இல்லாதவன் சத்தமில்லாமல் வெளியே நழுவினான்.

"சொல்லுடா. எத்தனை டின்?"

"ரெண்டு" என்றார் செயலாளர், தரையைப் பார்த்தபடி. "ஆர்டர் மட்டும் கைக்கு வந்துட்டா அப்புறம் எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். சரி, அது போகட்டும். லேப்புக்கு நீ எதை அனுப்பின? இப்படி உதவாத கல்லை எங்கேருந்து தேடிப் பிடிச்ச?"

அக்கா மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுப் பின்சுவர்லேருந்து தம்பி, உளிகூட எடுக்கல, கையாலேயே பேத்தேன்."