விட்டுக்கொடுத்த பெல்ட்டு

தணிகாசலத்தின் இடுப்பில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். வெளியே தோல் பெல்ட்டு, உள்ளே கறுப்பு அரைஞாண் கயிறு. தொப்பை வளர வளர, பெல்ட்டு ஒவ்வொரு ஓட்டையாக இடம் விட்டது. ஓட்டைகள் தீர்ந்துபோனதும் அவர் ஆணியால் புதிதாக ஒன்று குத்தினார். அதையும் அது தாங்கிக்கொண்டது. கயிற்றுக்கு ஓட்டை ஏது? அது சதையில் பதிந்து கோடு போட்டது.

"ஏன்டா மனுஷனைப் படுத்துறே? கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றது பெல்ட்டு.

"கட்டுன அன்னிக்கு இருந்த அளவுதாண்ணே எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்றேன்" என்றது கயிறு.

ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர், எரிச்சல் தாங்காமல், "சனியன், சுருங்கிப்போச்சு" என்று கயிற்றைப் பிளேடால் அறுத்துக் குப்பையில் போட்டார். கோயில் வாசலில் நீளமாக வேறொன்று வாங்கித் தொளதொளவென்று கட்டிக்கொண்டார். சொன்னால் கேட்டானா என்று பெல்ட்டு பழைய கயிற்றைப் பற்றி நினைத்துக்கொண்டது.

பிறகு ஒருநாள் தணிகாசலம் கடைத்தெருவில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பெல்ட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். டாக்டரம்மா டேப்பால் இடுப்பை அளந்தார். பழைய கயிறு போட்ட கோடு இன்னும் கறுத்துக் கிடந்தது. சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருந்தன, ஈரலில் கொழுப்பு, ஒரு கண்ணில் பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது.

மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "இடுப்பு இத்தனை பெருக்கிற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

தணிகாசலம் கொக்கியைப் பார்த்தார்.

"இல்லைங்கம்மா. பெல்ட்டு எப்பவும் சரியாத்தானே இருந்துச்சு."