பதினெட்டாம் தேதிக்குள்ளே

"கையை இழுக்காதம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றாள் நர்ஸ். மூன்று முறை குத்தியும் நரம்பு சிக்கவில்லை.

கட்டிலில் படுத்திருந்தவளின் கை ஜில்லிட்டுக் கிடந்தது. காதோரத்திலிருந்து தாடை வரை ஓடிய தழும்பில் இன்னும் சிவப்பு மாறவில்லை. குளியலறையில் வழுக்கிக் கண்ணாடி மேல் விழுந்தாளாம், சொன்னது கணவன்தான்.

அவளுடைய இன்னொரு கையை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "பதினெட்டாம் தேதிக்குள்ள மறைஞ்சிடுமா சிஸ்டர்? அன்னிக்கு இவ நாலு பேர் முன்னாடி போய் நிக்கணும்."

நர்ஸுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் வீட்டுக்காரர், பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் காபி யார் போடுவது என்று கேட்கிற ரகம். இவள் கொடுத்து வைத்த மகராசி!

நாலாவது குத்தில் ரத்தம் வந்தது. குழாயை இயந்திரத்துக்குள் வைத்துச் சுழலவிட்டாள்.

"பத்து நிமிஷம் சுத்தினா மேல தெளிஞ்சு நிக்கும் சார். அதுலதான் புதுசா வளர வைக்கிற க்ரோத் ஃபேக்டர் இருக்கு. வழுக்கைன்னா முடிக்குப் போடுவோம், இவங்களுக்குத் தழும்புல. ஆனா ஒரே தடவையில முழுசா போகாது, கொஞ்சம் மங்கும்."

"மங்கினாலே போதும். பார்க்கிறவங்களுக்குப் பெருசா தெரியக் கூடாது."

நர்ஸ் கேமராவை எடுத்தாள். சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று படம் எடுத்து வைப்பது அங்கே வழக்கம்.

"போட்டோ வேண்டாம்," என்றான் சட்டென்று. "அவளுக்குக் கூச்சம்."

அவள் பார்வை கேமராவிலேயே இருந்தது.

"சரி சார். டாக்டர் வந்து ஊசி போடறப்ப கூட யாரும் இருக்கக் கூடாது. வெளியில உக்காருங்க."

"நான் இல்லாட்டி பயந்துடுவா."

"அஞ்சே நிமிஷம் சார்."

அவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டு, அரைமனதாக வெளியேறினான். உட்காரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் உருவம் அப்படியே நின்றது.

இயந்திரம் ஓய்ந்தது. மூடியைத் திறக்கப் போன நர்ஸின் மணிக்கட்டை ஜில்லென்ற விரல்கள் இறுக்கிப் பிடித்தன.

"ஊசிக்கா இப்படிப் பயப்படறே?"

"ஊசிக்கு இல்லக்கா." கதவைப் பார்த்தபடியே அவள் குரல் வந்தது. "அதைக் கொட்டிட்டு வெறும் உப்புத்தண்ணிய ஏத்தச் சொல்லுங்க. பதினெட்டாம் தேதி ஜட்ஜ் கண்ணால பார்க்கிற வரைக்கும் இந்தத் தழும்பு எனக்கு வேணும்."