டப்பாவில் இருந்த ஐசிகள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள என் ரேடியோ கடைக்கு அலெக்சாண்டர் தன் முதலாளியோடு வந்தார். விமானம் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஒருகாலத்தில் என் மேனேஜர்.

“பிரிஜட், பிளேன் கருவியில மாட்டுற அந்தப் பழைய ஐசி சிப்பு உங்ககிட்ட இருக்காமே? இப்ப எவனும் செய்யறதில்ல. பிளேன் பறக்க முடியாம நிக்குது லா!”

“இருக்கு சார். நீங்க கழிச்சதையெல்லாம் எடுத்துட்டு வந்தேன், ஒண்ணுகூடத் தூக்கிப் போடல.”

அவர் முகம் மலர்ந்தது.

“முதல்ல, ஸ்டோர்ல இருந்த என்னை ஏன் வேலையவிட்டு அனுப்பினீங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லுங்க.”

அவர் தலைகுனிந்தார். “இதை இனிமே செய்யமாட்டாங்க, பத்திரமா வைக்கலாம்னு இவங்க சொன்னாங்க சார். நான்தான் இடத்தை அடைக்குதுன்னு ஸ்கிராப் பண்ணச் சொன்னேன். எதிர்த்துப் பேசினதால அனுப்பிட்டேன்.”

முதலாளி அவரை முறைத்தார்.

நான் பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். ஆசையாகத் திறந்த அலெக்சாண்டர் திகைத்தார். உள்ளே ஐசிகளெல்லாம் தூள்தூளாகக் கிடந்தன.

“என்ன பிரிஜட் இது?”

“ஸ்கிராப்ப வேற எவனும் பிளேன்ல மாட்டிடக் கூடாது, சுத்தியலால நொறுக்கிடுன்னு சொன்னீங்களே சார்.”

“நொறுக்காம ஒளிச்சு வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்...”

“எதிர்த்துப் பேசினதுக்கே சீட்டைக் கிழிச்சீங்க. நீங்க சொன்னதைச் செய்யாம இருப்பேனா சார்?”